தெருவில் வருபவரின் பங்கு

ஒரு வாகனத்தின் உறுப்புகளுள் பெரும்பாலானவை அதில் ஏறிச் செல்வோரின் நலனுக்காகவே பராமரிக்கப்படுகின்றன. குளிரூட்டி பழுதானால் வியர்ப்பவர் உள்ளே இருப்பவர், எஞ்சின் நின்றுபோனால் வழியில் காத்துக்கிடப்பவரும் அவரே. பிறேக் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. அதன் பயனை அடைவோருள் பெரும்பகுதியினர் வாகனத்துக்கு வெளியே, அந்த வாகனம் யாருடையது என்றுகூட அறியாமல் தெருவில் நடப்பவர்கள். ஆகவே ஒரு பெரிய ஜீப்பின் பிறேக் பாட்களையும் டிஸ்க்குகளையும் உரிமையாளர் தம் வீட்டு முற்றத்திலேயே மாற்றலாமா என்ற கேள்வி, காசு மிச்சமாகுமா, கைத்திறன் போதுமா என்பவற்றோடு முடிந்துவிடாமல், தாம் செய்த வேலையின் விளைவை முன்பின் அறியாத ஒருவர்மீது சுமத்துவதற்கு ஒரு மனிதருக்கு எவ்வளவு உரிமை உண்டு என்ற இடத்தில் வந்து நிற்கிறது.

மட்டக்களப்பில் இக்கேள்விக்கு அழுத்தம் சற்றுக் கூடுதல். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கும் வாவி, நிலத்தைக் கடலோர எழுவான்கரை என்றும் வயல்சார்ந்த படுவான்கரை என்றும் பிரித்துவிட, இரு கரைகளுக்கும் இடையிலான போக்குவரத்து சில பாலங்களுக்குள்ளும், நீருக்குக் குறுக்கே மண்ணிட்டு உயர்த்திய தாம்போதிகளுக்குள்ளும் நெருக்குண்டு செல்கிறது. மண்முனையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, இப்பகுதியினர் பாதை என்று அழைக்கும் மிதவையே வாகனங்களைக் கரை மாற்றியது. இன்று அதே இடத்தை ஜீப்கள் சில நொடிகளில் கடந்துவிடுகின்றன. கடக்கும் தெருவிலோ துவிச்சக்கர வண்டிகள், தகப்பனும் தாயும் இரு பிள்ளைகளும் ஏறிய மோட்டார் சைக்கிள்கள், விளக்கில்லாத லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்கள், இரவானால் தாரின் சூட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும் மாடுகள், அறுவடைக் காலமானால் ஒரு பக்கத்தை முழுதாக அடைத்துக் காயவிட்ட நெல் ஆகியவை இடம்பிடித்திருக்கும். இவற்றினூடே இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட இரும்பு செல்கிறது.

அந்த இரும்பு இங்கு வந்த வரலாறும் நினைக்கத் தக்கது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதியின் ஆழிப்பேரலைக்குப் பின்னும், போர்க்காலத்தின் பிற்பகுதியிலும் உதவி நிறுவனங்களோடு வந்த வெள்ளை ஜீப்கள் இப்பிரதேசத்தின் கிரவல் தெருக்களுக்குப் பழக்கமானவை. வெள்ளம் தேங்கும் வழிகளில் உயரமான வாகனம் வசதியானது என்பதால், பிராடோ, பஜெரோ போன்றவற்றைத் தனியாரும் விரும்பி வாங்கினர். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இருந்த வாகனத்தைப் பேணிக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லாததனால், முன்னர் ஸ்பானர் பிடித்தறியாத பலர் தம் வாகனத்தின் அடியில் படுக்கக் கற்றுக்கொண்டனர்.

டிஸ்க் பிறேக்கின் தத்துவம் எளிது. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு டிஸ்க் எனப்படுகிறது. அதை இருபுறமும் கவ்வி நிற்பது கலிப்பர். கலிப்பருக்குள் உள்ள பிஸ்டன்கள், மிதியை அழுத்தும்போது பிறேக் ஒயிலின் அழுத்தத்தால் முன்னேறி, உராய்வுப் பொருள் ஒட்டிய இரும்புத் தகடுகளாகிய பாட்களைத் தட்டோடு சேர்த்து நெருக்குகின்றன. தட்டைக் கவ்வி நிறுத்தும் இம்முறைக்கு இங்கிலாந்தின் பிரெடெரிக் லான்செஸ்டர் 1902 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் செம்பினால் ஆன அவருடைய பாட்கள் தாங்க முடியாத கீச்சொலி எழுப்பியதால் அது பரவவில்லை, அரை நூற்றாண்டு கழித்து 1953 ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜாகுவார் வென்ற பின்னரே உலகின் கவனம் இதன்மேல் திரும்பியது. உராய்வு செய்வது ஒன்றுதான்: ஓட்டத்தை வெப்பமாக மாற்றுகிறது. 2,200 கிலோகிராம் எடையுள்ள ஜீப் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது வெளியாகும் ஆற்றல், இரண்டு லீற்றருக்குச் சற்றுக் குறைவான நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. வேகம் பாதியானால் அந்த ஆற்றல் கால்பங்காகக் குறைகிறது. பெரிய வாகனங்களின் முன் டிஸ்க்குகள் இரு தட்டுகளை இடைவெளிவிட்டு இணைத்ததுபோல் வார்க்கப்பட்டிருப்பது, அந்த இடைவெளியில் காற்று ஓடி இவ்வெப்பத்தை அகற்றுவதற்காகவே.

மட்டக்களப்பின் நிலம் தட்டையானது. இதுவே ஒரு வகையில் ஆபத்து. ஏற்ற இறக்கம் இல்லாத தெருவில் தேய்ந்த பாட்டும் பழைய ஒயிலும் மாதக்கணக்கில் தம்மைக் காட்டிக்கொடுப்பதில்லை. செங்கலடியிலிருந்து மகா ஓயா வழியாக மகியங்கனை சென்று, பதினெட்டு வளைவு எனப் பெயர்பெற்ற மலைத்தெருவில் ஏறிக் கண்டிக்குப் போய்த் திரும்பி இறங்கும் நாளில்தான் அவை வெளிப்படுகின்றன. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 எனக் குறிக்கப்படும் வகை புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் கீழ் கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலையிலோ 140 பாகை இருந்தாலே போதும் என்று அதே விதி ஒப்புக்கொள்கிறது. இறக்கத்தில் வெப்பம் அந்த எல்லையைத் தொட்டு ஒயிலில் ஆவிக்குமிழி தோன்றிவிட்டால், மிதி தரைவரை இறங்கும், வாகனம் நிற்காது. வாவியின் ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்காக நின்ற வாகனத்துக்கு இது ஏட்டுச் செய்தியன்று.

வேலையின் முதற் சிக்கல் இந்த மண்ணின் இயல்பிலிருந்தே தொடங்குகிறது. எழுவான்கரை வீடுகளின் முற்றம் பெரும்பாலும் மணல். மணலில் வைத்த ஜாக்கி சுமை ஏற ஏறப் புதைந்து சாயும். தடித்த அகன்ற பலகையின்மேல் ஜாக்கியை நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தூக்கிய பின் சட்டத்தின் அடியில் இரும்பு ஸ்டாண்டையும் அதேபோன்ற பலகைமேல் வைத்து, வாகனத்தைப் பக்கவாட்டில் ஒருமுறை தள்ளி அசைத்துப் பார்ப்பது தவிர்க்க முடியாதது. சக்கரத்தைக் கழற்றியதும் தெரிவது பெரும்பாலும் துரு. உப்புக் காற்றில் டிஸ்க்கின் நடுப்பகுதி, அது அமர்ந்திருக்கும் ஹப்போடு ஒட்டிப் பிடித்திருக்கும். சுத்தியலால் அறைபவர் பலர், ஆனால் பல டிஸ்க்குகளில் மரையிட்ட இரண்டு சிறு துளைகள் இருப்பதும், அவற்றில் போல்ட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினால் தட்டு ஒரு சிறு வெடிப்பொலியோடு தானே கழன்று வருவதும் அறிந்தவருக்குச் சுத்தியல் தேவைப்படுவதில்லை. கழற்றிய கலிப்பரை அதன் இறப்பர்க் குழாயில் தொங்கவிடலாகாது. கம்பியால் உயரக் கட்டிவைக்க வேண்டும். பிறேக் தூசியை வாயாலோ காற்றுக்குழாயாலோ ஊதுவது கெட்ட பழக்கம், ஏனெனில் பழைய பாட்களில் கல்நார் கலந்திருக்கக் கூடும், ஈரத்துணியே பாதுகாப்பானது.

பின்னர் வருவது வெளியே ஒருபோதும் தெரியாத வேலை. ஹப்பின் முகத்தில் கடுகளவு துரு மிஞ்சினாலும் புதிய டிஸ்க் மிகச் சிறிய சாய்வோடு அமரும்; அன்று எதுவும் தெரியாது, சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பின்னர் தட்டின் தடிப்பு சீரற்றுத் தேய்ந்து மிதி காலின் கீழ் துடிக்கத் தொடங்கும். அப்போது குற்றம் டிஸ்க் விற்ற கடைக்காரரின் தலையில் விழும். துருவைக் கம்பித் தூரிகையால் உரசி நீக்குவதற்குப் பிடிக்கும் நேரத்தை யாரும் பார்ப்பதில்லை, யாரும் பாராட்டுவதுமில்லை. மாற்றியவரின் உண்மையான குணம் இந்த இடத்தில் வெளிப்படுகிறது என்று கூறின் மிகையாகாது. புதிய டிஸ்க்கில் பூசப்பட்ட காப்பு எண்ணெயைத் துடைப்பது, பாட்டின் உராய்வு முகத்தில் கிறீஸ் படாமல் பார்ப்பது, பிஸ்டனைப் பின்தள்ளும்போது மேலேயுள்ள ஒயில் கிண்ணம் வழிகிறதா என்று கவனிப்பது, எல்லாம் முடிந்து வாகனத்தை நகர்த்துமுன் மிதி கெட்டியாகும்வரை பலமுறை அழுத்துவது ஆகியவையும் இவ்வகையினவே. கடைசியாகச் சொன்னதை மறந்தவர்கள் முற்றத்து மதிலிலேயே அதை நினைவுகூர நேரிடுகிறது.

இவற்றைச் சரியாகச் செய்தார்களா என்று பார்ப்பது யார்? இலங்கையில் 2008 முதல் ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும், காப்புறுதியும் வேண்டும். லொறி, பஸ் போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழும் உண்டு. தனியார் ஜீப்பின் பிறேக்கையோ அந்த ஆண்டுச் சடங்கில் எவரும் தொட்டுப் பார்ப்பதில்லை. புகை எவ்வளவு என்று அரசு அறிகிறது, நிற்குமா என்று அறிவதில்லை. பிரித்தானியாவில் 1960 ஆம் ஆண்டு தொடங்கிய எம்.ஓ.டி. பரிசோதனையில் பிறேக் முக்கிய பகுதி. மட்டக்களப்பிலிருந்து லண்டனுக்குப் பெயர்ந்த ஒருவர் தம் வீட்டுக் கராச்சில் எவ்வளவு துணிவோடு பாட் மாற்றினாலும், மூன்று வயதைத் தாண்டிய வாகனமானால் ஆண்டுக்கு ஒருமுறை அந்நியர் ஒருவரின் பிறேக் சோதனைக் கருவி அவருடைய வேலைக்கு மதிப்பெண் இடும். அங்கே வீட்டு வேலையைத் தாங்கிப் பிடிக்க ஒரு நிறுவனம் இருக்கிறது. இங்கே அந்த இடம் வெறுமையாக இருப்பதால், அதை வேலை செய்பவரின் மனச்சாட்சியே நிரப்ப வேண்டியிருக்கிறது.

தன் கையே தனக்குதவி என்ற பழமொழியை இவ்வேலைக்கு மேற்கோளாகக் காட்டுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை: அப்பழமொழி தனக்கு உதவுவதைப் பற்றிப் பேசுகிறது, பிறரை ஆபத்துக்கு உட்படுத்துவதைப் பற்றியன்று. தன் கிணற்றைத் தானே இறைப்பவர் தவறினால் இழப்பு அவரோடு நிற்கும். இதற்காக, வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே அறம் என்று முடிவுகட்டுவதும் அவசரமாகும். கராச்சில் ஒரே நாளில் ஐந்து வாகனம் பார்க்கும் மெக்கானிக்காகிய பாஸ், ஹப்பின் துருவை உரசுவதற்கு நேரம் ஒதுக்குவார் என்பதற்கு உறுதியில்லை. தம் பிள்ளையை ஏற்றிச் செல்லும் வாகனம் என்பதால் வீட்டுக்காரர் அதை அரைமணி நேரம் உரசக்கூடும். கராச்சுக்கு உள்ள உண்மையான மேன்மை திறமையைவிட வேறொன்றில் இருக்கிறது: அங்கே இன்னொரு கண் இருக்கிறது. ஒருவர் இறுக்கியதை மற்றவர் பார்க்கிறார், பையன் பூட்டியதைப் பாஸ் ஆட்டிப் பார்க்கிறார். முற்றத்தில் தனியாகக் குந்தியிருப்பவருக்கு இல்லாதது அதுவே. அவர் செய்த பிழையைத் தேடும் கண்ணும் பிழையைச் செய்த அதே கண்தான்.

அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்வது அளவு. டிஸ்க்கின் விளிம்பிலோ நடுவிலோ அதன் குறைந்தபட்சத் தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். பல பெரிய ஜீப்களின் முன் டிஸ்க்கில் புதியதற்கும் கழிக்க வேண்டியதற்கும் உள்ள வேறுபாடு இரண்டு மில்லிமீற்றர் அளவே, அதை விரலால் தடவித் துல்லியமாக அளந்தறிய எவராலும் இயலாது. நட்டுகளை எவ்வளவு இறுக்குவது என்பதும் அப்படியே: காலால் ஏறி மிதித்து இறுக்குவதை உறுதி என்று நம்புவோர் உண்டு, ஆனால் மிகையான இறுக்கம் தண்டை நீட்டி நலிவிக்கிறது, சீரற்ற இறுக்கம் தட்டைக் கோணவைக்கிறது; முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பானரைக் கொண்டு, நட்சத்திர வடிவில் எதிரெதிர் நட்டுகளை மாறி மாறி இறுக்குவதே முறை. கைப்பழக்கத்தை எண்ணால் சோதிப்பது இம்மண்ணுக்கு அந்நியமுமன்று. கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கிய சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் பயின்றவர். 1947 ஆம் ஆண்டு வெளிவந்த யாழ் நூலில், வழக்கொழிந்த ஓர் இசைக்கருவியின் சுருதிகளைக் கணித்துக் காட்டுவதற்கு அவர் செவியை மட்டும் நம்பியிருக்கவில்லை.

ஒயிலையும் மாற்றுவதானால் பொதுவாக இரண்டாவது ஆள் ஒருவர் தேவைப்படுவது இவ்வேலையின் ஒரு நல்ல பகுதி. ஒருவர் உள்ளே மிதியில் இருக்க, மற்றவர் கலிப்பரின் சிறு நிப்பிளில் உள்ளே இருப்பது தெரியும் குழாயைப் பூட்டித் திறந்து மூட வேண்டும். “மிதி மனே… விட்டிராத… ம், இப்ப விடு” என்று தகப்பன் அடியிலிருந்து சொல்வதும், மேலே பிள்ளை காலை அசைக்காமல் பிடித்திருப்பதும் இங்குள்ள முற்றங்களில் காணக்கூடியவை. மூடுமுன் பிள்ளை காலை எடுத்துவிட்டால் காற்று உள்ளே போய்விடும். முழுவதையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குழாயில் குமிழி நின்றுவிட்டதா என்பதை அந்தப் பிள்ளையையும் இறங்கி வந்து பார்க்கச் சொல்லும் தகப்பன், விளையாட்டாகவேனும் இன்னொரு கண்ணை அழைத்திருக்கிறார்.

பொருளின் தரத்தைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து பஸ்ஸில் பொதியாக வரும் பாட்டின் பெட்டியைப் பார்த்து உள்ளே இருப்பதை அறிய முடியாது. மலிவை மட்டும் பார்த்து வாங்குபவர் மிச்சம்பிடிப்பது தம்முடைய காசை மட்டுமன்று.

முற்றத்தில் எல்லாம் முடிந்த பின்னும் வேலை முடிவதில்லை என்பதே இதில் மிகவும் விசித்திரமான பகுதி. புதிய பாட்டின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கின் முகத்தில் படிந்தால்தான் பிறேக் தன் முழு வலுவைப் பெறும்; அதற்கு மிதமான வேகத்திலிருந்து முற்றாக நிறுத்தாமல் பலமுறை வேகம் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு ஓட்ட வேண்டும். சூடான நிலையில் மிதியை அழுத்தியபடி நிற்பது ஓரிடத்தில் மட்டும் படலத்தைத் தடிப்பாக்கிவிடும். இந்தப் பயிற்சியை வீட்டில் செய்ய முடியாது. பொதுத் தெருவில், அதாவது இன்னும் உறுதிப்படாத பிறேக்கோடு பிறர் நடமாடும் இடத்தில் செய்தாக வேண்டும். பாடசாலை விடும் நேரத்தையும் சந்தை நாளையும் தவிர்த்து, படுவான்கரை வயல்வெளிகளுக்கிடையே நெடுந்தூரம் பார்வை எட்டும் நேரான தெருவில், வேறு எவரையும் ஏற்றாமல் அதிகாலையில் செல்வது குறைந்தபட்ச மரியாதை. திரும்பி வரும் வழியில், பழக்கமான கராச்சில் நிறுத்தி, பூட்டியதை ஒருமுறை பார்க்கும்படி கேட்பது இன்னும் நல்லது. பெரும்பாலான பாஸ்மார் இதற்குக் காசு கேட்பதில்லை. கேட்கத் தயங்குவோரின் தயக்கம் ஏறக்குறைய எப்போதும் வெட்கமே: தானே செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளும் இன்பத்தில் வேறொருவருக்குப் பங்கு கொடுக்க மனம் வருவதில்லை. ஆனால் அந்த இன்பத்துக்குப் பிணை நிற்பவர் எதிரே துவிச்சக்கர வண்டியில் வருபவர்; அவரிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கவில்லை.