பெயரிடுவதற்கு ஓர் உயிர்

ஆர்.கே.பேட்டையில் நம் வீட்டுக் கொல்லையில் வெண்டை இலைகள் சல்லடைபோல் துளைபட்டிருந்தன. இலையைத் தொட்டதும் எள்ளைவிடச் சற்றே பெரிய வண்டுகள் நாற்புறமும் தெறித்தன. தெள்ளுப்பூச்சியைப் போல் குதிப்பதால் இவ்வகையைத் தெள்ளு வண்டு எனலாம். பருத்த பின்தொடைக்குள் சுருள்வில் போன்றதோர் உறுப்பு இருக்கிறது. 1926இல் நம் நாட்டு இலைவண்டுகளைப் பற்றி நூல் எழுதிய சமரேந்திர மௌலிக்கின் பெயரால் அதனை மௌலிக் உறுப்பு என்பர்.

"பாட்டி, இது இதுவரை பெயரிடப்படாத இனமாக இருந்தால்?" என்றாள், விலங்கியல் பயிலும் பேத்தி. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, அடுத்து அவள் கூறியதே நம்மை உறுத்தியது. இவ்வண்டுகளில் பல, புறத்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும். ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து உருப்பெருக்கியில் பார்த்தே பெரும்பாலும் இனத்தைத் துணிய முடிகிறது. பெயருக்குச் சான்றாக ஓர் உடலை மூலமாதிரியாகக் காப்பகத்தில் வைப்பதே வழக்கம். இவ்வளவு சிறிய வண்டுக்குப் புகைப்படம் போதாது.

வண்டு நாலறிவுயிர். அடுப்பெரிப்பதிலும் உழுவதிலும் இல்லறத்தாரால் முற்றும் தவிர்க்கவியலாத இம்சை உண்டு. எண்ணித் துணிந்து செய்யும் சங்கற்ப இம்சையோ விலக்கத்தக்கது. ஆய்வாளரின் நோக்கம் கொலையன்று, அறிவே எனலாம். ஆயினும் சாராயப் புட்டியில் வண்டை இடும் கை, அது சாகும் என்று அறிந்தே இடுகிறது. இதனை வேறு சொல்லால் மறைத்தல் ஆகாது.

மறுபக்கமும் உண்டு. கேரள வேளாண் பல்கலைக்கழகத்துக் கே. டி. பிரதாபனும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் ஒரு தெள்ளு வண்டை விவரித்து, நீலகிரியின் கோரகுந்தாவையே அதன் பெயரில் அமைத்தனர். பாசியில் வாழும் சிற்றுயிர் அது. பெயரில்லாத உயிர் அழிந்தால், அழிந்தது இன்னதென்று சொல்லவும் ஆளிராது. சந்தையில் நாம் வாங்கும் வெண்டைக்காய்க்காக மருந்தில் மடிந்த வண்டுகளை நாம் எண்ணியதுண்டா? ஆய்வாளரைக் கடிந்துகொள்ள வாய் திறக்கும்போது இது நினைவுக்கு வந்து தடுக்கிறது.

வேறொன்றும் தடுக்கிறது. ஆசிரியப் பயிற்சியின்போது பூச்சிப் பெட்டி செய்து காட்டவேண்டும் என்றார்கள். விளக்கடியில் செத்துக் கிடந்தவற்றையே பொறுக்கினோம். காலும் சிறகும் ஒடிந்தவை மதிப்பெண் பெறா எனத் தெரிந்ததும், ஒரு பொன்வண்டைப் பிடித்து அந்துருண்டை போட்ட புட்டியில் அடைத்தோம். நெடுநேரம் அது கண்ணாடியைக் கீறிக்கொண்டிருந்தது. வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. ஆண்டு முடிவில் பெட்டிகளையெல்லாம் குவித்துக் கொளுத்திவிட்டார்கள். அவ்வுயிர் எதற்காகப் போயிற்று? எட்டு மதிப்பெண்ணுக்காக.

ஆகவே, கொன்றதைவிட, கொன்றபின் அதற்குரிய கடனைச் செய்யாது விடுவதே நமக்குப் பெரும் பிழையாகத் தோன்றுகிறது. பல காப்பகங்களில் முன்னோர் சேர்த்த வண்டுகள் பெயரின்றிக் கிடக்கின்றன. அத்தகைய பழைய பெட்டிகளிலிருந்தே புதிய இனங்கள் பல கண்டறியப்பட்டுள்ளன. முதலில் அவற்றைப் பார், பிறகும் தேவையெனில் தேவையான அளவுக்குமேல் எடுக்காதே என்று பேத்தியிடம் கூறினோம். "அப்படியானால் எடுக்கலாமா பாட்டி?" என்று அவள் மடக்கினாள்.

இப்பருவத்தில் வெண்டைக்கு மருந்து தெளிக்கவில்லை; காய் குறைவுதான். விடுமுறை முடிந்து புறப்படுகையில் அவள் மூடியுள்ள சிறு புட்டி ஒன்று கேட்டாள். சமையலறையில் இருந்தது. நாம் உடனே எடுத்துக் கொடுக்கவில்லை.