கட்டவிழாத மரம்

ராயகிரியில் கடல் இல்லை. மேற்கே மலை இருக்கிறது. வங்கியில் நகைக்கடன் எழுதிக்கொண்டிருக்கும் எனக்குக் கடலோரத்தார் மரபைப் பாதுகாப்பது பற்றிப் பேச என்ன யோக்யதை என்ற கேள்வியோடுதான் ஆரம்பிக்க வேண்டும்.

2021இல் அறிவிக்கப்பட்டு, திருநெல்வேலி ரெட்டியார்பட்டி மலையடிவாரத்தில் எழுந்த பொருநை அருங்காட்சியகத்தில் கொற்கைக்கும் இடமுண்டு. பாண்டியர்களின் துறைமுகம், முத்துக்குப் பேர்போன இடம். 1968-69இல் அங்கே அகழாய்வு நடந்தது. இன்று கடல் அவ்வூரை விட்டுச் சில மைல் விலகிப் போயிருக்கிறது. கடல் போன ஊருக்கு அருங்காட்சியகம் அமைப்பதில் யாருக்கும் சங்கடமில்லை. கடல் இன்னும் இருக்கிற ஊர்களுக்கு? ஒரு மனிதன் உயிரோடு வெளியே நிற்கும்போது அவன் மரபைக் கண்ணாடிக்குள் வைப்பது மரியாதையா, முன்கூட்டிய கருமாதியா?

கட்டுமரத்தை எடுத்துக்கொள்வோம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயவிடுவார்கள். மறுபடி கட்டினால்தான் அது கட்டுமரம். கட்டத் தெரிந்த கை அதில் பாதி. அருங்காட்சியகத்தில் அது ஒரே ஒருமுறை கட்டப்படுகிறது. பிறகு அவிழ்க்கப்படுவதே இல்லை. பத்திரமாக இருக்கிறது. ஆனால் மிச்சமிருப்பது மரம் மட்டுமே.

இதை வைத்துப் பழமைக்கு ஒப்பாரி பாடிவிடலாம். அது அயோக்யத்தனம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப்பின் நிவாரணமாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் பல ஊர்களில் கட்டுமரத்தை ஓரங்கட்டின. அதில் ஏறியவன் தவறு ஏதும் செய்யவில்லை. என் ரஸனைக்காக அவன் நனைந்துகொண்டே துடுப்புப் போட வேண்டியதில்லை. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) நாவலில் வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் இடையே நசுங்குகிறவர்களின் துக்கம் அவர்களுடையது. வாசகன் அதைக் கடனாகத்தான் பெறுகிறான்.

எங்கள் பெட்டகத்தில் கிடக்கும் நகைகள் தேய்வதில்லை, யார் கழுத்திலும் இல்லாததால். ஆனால் அடகுக்கும் விற்பனைக்கும் வித்யாசம் உண்டு. அடகு வைத்தவள் சீட்டோடு வரலாம், கேட்கலாம், மீட்கலாம். அதுவரையும் நகை அவளுடையதே. அருங்காட்சியகத்தின் தார்மீகம் இங்கேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வலையைத் தந்தவனின் பெயர் அங்கே எழுதப்பட்டிருக்கிறதா? அவன் பேரன் வந்து கேட்டால் அதைத் தொட்டு, பிரித்து, முடிச்சைக் கற்க விடுவார்களா? வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைக்கும் குரல் அங்கே கேட்குமா?

பாம்பனில் 2016இல் மீனவர்களுக்கென்று தொடங்கப்பட்ட 'கடல் ஓசை' சமுதாய வானொலி இதற்குச் சற்று அருகில் வருகிறது. அங்கே மரபு காட்சிக்கு நிற்கவில்லை; பேசுகிறது. பேசுவதால் மாறவும் செய்கிறது. மாறும் உரிமையைப் பறித்துவிட்டுச் செய்கிற பாதுகாப்பு பாதுகாப்பல்ல.

கரையில் பிறந்தவன் தன் தாத்தாவின் வலையைப் பார்க்க வெறும் பார்வையாளனாக டிக்கெட் வாங்கி நிற்க நேர்ந்தால், அது ஏலம் முடிந்த நகை. ஏல நோட்டீஸ் எழுதுகிற குமாஸ்தா நான். அதனால் எனக்கு இது கொஞ்சம் தெரியும்.