கதையும் மனையும்

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார்’ என்பது நம் முன்னோர் வாக்கு. இரண்டும் பெருஞ்செலவு வைப்பவை என்றே இதற்குப் பொருள் கூறுவர். இவ்விரண்டிற்கும் வேறோர் ஒற்றுமையும் உண்டு. இனிமேல்தான் வாழவேண்டிய ஒரு வாழ்க்கையை இரண்டிலும் முன்கூட்டியே கற்பனை செய்தாக வேண்டும். ஆகவே, கட்டடக் கலைஞனும் ஒரு வகையில் கதாசிரியனே. விடியலில் யார் முதலில் எழுவார்? விருந்தினர் எங்கே அமர்வார்? மழைநாளில் ஈரத்துணி எங்கே உலரும்? இக்கேள்விகளுக்கு ஒரு கதையாக விடை கண்ட பின்னரே அவன் கோடு போடத் தொடங்குகிறான்.

நெடுநல்வாடையில் நக்கீரர், நிழல் பார்த்துத் திசை குறித்து, நுண்ணிதாய்க் கயிறிட்டு அரண்மனை வகுத்த முறையை விரித்துரைக்கிறார். ஆனால், அத்தனை அளவுகளும் பொருந்திய அந்த மாளிகைக்குள் அரசி துயிலின்றி வருந்துகிறாள். அளவு பிழையாதிருந்தால் மட்டும் வீடு நிறைவு பெறுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எவரால் உணர்த்த இயலும்?

கதையிலிருந்து கட்டடம் பிறந்ததற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகத்தை வடிவமைத்தவர் அமெரிக்கக் கலைஞர் லூயி கான். 1962-இல் அப்பணியை ஏற்ற அவர், பள்ளி என்பது எவ்வாறு தோன்றியது என்பதற்கு ஒரு கதை சொல்வதுண்டு. மரத்தடியில் ஒருவர் தாம் உணர்ந்ததைப் பேசிக்கொண்டிருந்தார். தாம் ஆசிரியர் என்பதை அவர் அறியார். கேட்டிருந்தவர்களும் தாம் மாணவர் என்பதை அறியார். செங்கல்லிடம் ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டதாகவும், அது ‘வளைவாக வேண்டும்’ என்று விடையிறுத்ததாகவும் அவர் இன்னொரு கதையும் சொல்வார். இவை வரலாறு அல்ல, முழுக் கற்பனை. ஆயினும் அக்கழகத்தின் செங்கல் வளைவுகளையும், வகுப்பு முடிந்த பின்னும் மாணவர் நின்று பேசும் அகன்ற நடைகளையும் காண்போர், அந்த மரத்தடி நிழலை அங்கே உணர்வர். கான் 1974-இல் மறைந்தார். அவர் சொன்ன கதைக்குள் இன்றும் மாணவர் நடமாடுகின்றனர்.

இங்கேதான் ஓர் அறக்கேள்வி எழுகிறது. பிறர் வாழ்வைத் தன் கற்பனையால் வகுக்க ஒருவனுக்கு என்ன உரிமை? நாவல் பிடிக்காவிடில் மூடி வைத்துவிடலாம். வீட்டை அவ்வாறு மூடி வைக்க முடியுமா?

வடநாட்டு நகரொன்றில் நான் முதலில் குடியேறிய அடுக்குமாடி வீடு, கணவன், மனைவி, இரு குழந்தைகள் என்ற கதைக்காகக் கட்டப்பட்டது. அக்கதையில் பாட்டி இல்லை. தந்தையார் மறைந்தபின் அன்னையார் எங்களுடன் வந்து தங்கினார். கூடத்திற்கும் அடுக்களைக்கும் இடையிலிருந்த குறுகிய நடையில் பாய் விரித்து அமர்வார். எவரேனும் கடக்கும்போதெல்லாம் காலை மடக்கிக்கொள்வார். மூன்றாம் மாதம், “நான் ஊருக்கே போகிறேனப்பா, இங்கே வாசலே இல்லையே” என்றார். எங்கள் வீட்டிற்கு வாசற்கதவு இருந்தது. கோலமிடவும், அமர்ந்து தெருவைப் பார்க்கவும் உரிய வாசல் இல்லை.

நெடுநாள் அந்த வீட்டை வரைந்தவரையே நொந்துகொண்டிருந்தேன். பின்னரே ஓர் உண்மை உறைத்தது. இருந்த ஒரே நல்ல சன்னலின் ஓரத்தில் என் எழுதுமேசையைப் போட்டிருந்தேன். அதை நகர்த்தி அன்னைக்கு இடம் தர எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவர் மறந்த பாத்திரத்தை நானும் மறந்தேன்.

அவ்வாறாயின் கற்பனையே தவறா? அன்று. கேளாமல் புனைவதும், முடிவையும் தானே எழுதிவிடுவதுமே தவறு. கானை அகமதாபாத்துக்கு அழைப்பதில் முன்னின்ற பாலகிருஷ்ண தோஷி, 1980-களில் இந்தூரில் ‘ஆரண்யா’ குடியிருப்பை வகுத்தபோது இதனை உணர்ந்திருந்தார். குடிசைப் பகுதிகளில் மக்கள் எங்கே சமைக்கின்றனர், எங்கே தொழில் செய்கின்றனர், எங்கே கூடிப் பேசுகின்றனர் என்பவை முதலில் ஆராயப்பட்டன. ஏறத்தாழ 6,500 மனைகள் வகுக்கப்பட்டன. மாதிரிக்காக 80 வீடுகள் கட்டப்பட்டன. ஏழைகளின் மனைகளில் அடித்தளம், குழாய், கழிப்பறை போன்ற இன்றியமையாதவை மட்டும் அமைந்தன. மற்றவற்றைக் குடிபுகுவோர் தம் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்ள விடப்பட்டது. நம் திண்ணையை ஒத்த ‘ஓட்லா’வுக்கும் அங்கே இடமிருந்தது. முதல் அத்தியாயத்தை மட்டும் கலைஞர் எழுதினார்; அடுத்தவற்றை மக்கள் எழுதினர். அவர் வரைந்ததைப் பின்னாளில் பலர் மாற்றியும் கட்டினர். அதனைக் குறை என்பாருளர்; கதை தொடர்வதற்கு அதுவே அடையாளம் என்பேன் நான்.

பிற மாநிலங்களில் வாழும் நாம், பெரும்பாலும் பிறர் புனைந்த கதைகளுக்குள் குடியிருக்கிறோம். சுவர்களை இடித்துக் கட்ட நம்மால் இயலாது. மேசையை நகர்த்த இயலும். நம் பிள்ளைகளுள் சிலர் நாளை பிறருக்கு வீடு வரைவர். கோல் பிடிக்குமுன் ‘பாட்டி எங்கே அமர்வாள்?’ என்று கேட்க அவர்களுக்கு இன்றே கற்பிப்போம். எனக்கு அக்கேள்வி காலங்கடந்தே வந்தது.