வண்ணம் மாறும் இடம்

ஜூன், தன்பாலீர்ப்பாளர்கள் உள்ளிட்டோர் தங்கள் அடையாளத்தைப் பெருமையோடு கொண்டாடும் பிரைடு மாதம். அமெரிக்காவின் கம்பளி நூல் கடைகள் பலவற்றில் அப்போது சிவப்பு முதல் ஊதா வரை நூல்கண்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். பார்க்கவே மனம் நிறையும்.

பிரைடின் அடையாளமான வானவில் கொடியும் கைவேலையில் பிறந்ததுதான். 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கரும் நண்பர்களும் தங்கள் கையாலேயே துணிக்குச் சாயம் தோய்த்து, எட்டு வண்ணங்களைச் சேர்த்துத் தைத்தார்கள். பிறகு அது ஆறு வண்ணமானது. எதை மறைத்து வாழ் என்று உலகம் சொன்னதோ, அதை ஊரே பார்க்க உயரத்தில் ஏற்றினார்கள்.

பின்னல் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். அக்கம்பக்கமாக இரண்டு வண்ணங்கள் சந்திக்கும் இடத்தில், பின்புறமாக ஒரு நூலை மற்றதோடு ஒருமுறை முறுக்கிவிட வேண்டும். மறந்தால் அங்கே ஓட்டை விழும். முறுக்குவதால் சிவப்பு வெளுப்பதில்லை, நீலம் மங்குவதும் இல்லை. இரண்டும் தம் நிறத்திலேயே இருக்கும், துணி மட்டும் உறுதியாகும். முன்பக்கத்தில் அந்த முறுக்கு கண்ணுக்கே தெரியாது.

தன் பிள்ளை தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று அறிந்த தாய்க்குச் சட்டென்று வார்த்தை வராமல் போகலாம். அன்பில்லாததால் அல்ல, சொல்லிப் பழகாததால். ஆனால் கைக்கு வேலை தெரியும். மஃப்ளர் பின்ன, ஆறு கண்டு நூலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்கிறாள். இன்று சிவப்பு முடிந்துவிடும், நாளை ஆரஞ்சு. குளிர் வருவதற்குள் அந்த மஃப்ளர் பிள்ளையின் கழுத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.