போதலும் வருதலும்

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கையில், அடுத்த வீட்டுப் பையன் ஆங்கில இலக்கண நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்தான். பக்கத்தின் நடுவே ‘கோ’ என்ற வினையை எழுதி, அதைச் சுற்றி ‘இன்’, ‘அவுட்’, ‘ஆன்’, ‘ஆஃப்’, ‘ஓவர்’, ‘த்ரூ’ என்ற சிறு சொற்களை நவக்கிரகங்களைப் போல நிறுத்தியிருந்தான். நவக்கிரகங்களைப் போலவே அவையும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்கவில்லை. “மாமா, விளக்கு ‘கோ ஆஃப்’ ஆனா அணைஞ்சு போறது. அலாரம் ‘கோ ஆஃப்’ ஆனா அடிக்க ஆரம்பிக்கிறது. பால் ‘கோ ஆஃப்’ ஆனா திரிஞ்சு போறது. அதே ‘கோ’, அதே ‘ஆஃப்’. எப்படி?” என்றான். வழக்கு அப்படி, மனப்பாடம் செய்துகொள் என்று, என் வாத்தியார் எனக்குச் சொன்னதையே நானும் அவனுக்குச் சொன்னேன்.

ஆங்கிலம், நடத்தல், ஓடுதல், நீந்துதல், ஊர்தல் என்று சலனத்தின் ரீதியை வினைச்சொல்லிலே வைத்துவிட்டு, அந்தச் சலனம் எங்கிருந்து, எதனூடே, எதைக் கடந்து என்பதையெல்லாம் பக்கத்தில் நிற்கும் சிறு சொல்லின் பொறுப்பில் விட்டுவிடுகிறது. நம் மொழியோ புகு, ஏறு, இறங்கு, கட என்று வழியையே வினையாக்கி, ரீதியை வினையெச்சமாக முன்னே நிறுத்துகிறது. ஆற்றை நீந்திக் கடந்தான் என்று நாம் சொல்லுமிடத்தில் ஆங்கிலேயன் ‘ஸ்வாம் அக்ராஸ்’ என்பான். ஆகவேதான் ‘ஃபால் இன்’ என்றால் வரிசையில் நிற்பது, ‘ஃபால் அவுட்’ என்றால் மனஸ்தாபப்பட்டுப் பிரிவது, ‘கம் டு’ என்றால் மூர்ச்சை தெளிவது என்றெல்லாம் வரும்போது, விழுதலும் வருதலும் எங்கே போயின என்று நம் பிள்ளைகள் விழிக்கிறார்கள்.

பையனை அனுப்பிய பிறகு யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்ன ‘ஆஃப்’ மூன்றிடத்திலும் விட்டு நீங்குதல் என்ற ஒன்றையே குறிப்பதாகக் கொள்ளலாம். விளக்கு தன் ஒளியை விட்டு நீங்கிற்று. பால் தன் இயல்பை விட்டு நீங்கிற்று. அலாரமோ தன்னை அடக்கி வைத்திருந்த கட்டை விட்டு நீங்கிற்று. நீங்கிற்று என்பது மட்டுமே சொல்லில் இருக்கிறது. நீங்கியது எது, எதை விட்டு என்பதை நாம்தான் இட்டு நிரப்புகிறோம்.

இந்த விசாரம் நமக்குப் புதியதன்று. சம்ஸ்கிருத வியாகரணத்தில், தாதுவுக்கு முன் வந்து நிற்கும் உபசர்க்கங்களை யாஸ்கர் தம் நிருக்தத்தில் 20 என்று எண்ணுகிறார். பாணினி மரபில் அவை 22. அவற்றுக்குத் தனியே பொருள் உண்டா என்ற வழக்கை யாஸ்கர் அங்கேயே எடுத்துக்கொண்டு, தனித்து நிற்கும்போது அவை பொருளை உணர்த்தா என்ற சாகடாயனர் மதத்தையும், அவற்றுக்குப் பலவாறான பொருள்கள் உண்டு என்ற கார்க்கியர் மதத்தையும் எதிரெதிரே வைக்கிறார். போதல் என்ற பொருளுடைய ‘இ’ என்னும் ஒற்றையெழுத்துத் தாதுவை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போனால் உதயம், கிட்டப் போனால் உபாயம், விலகிப் போனால் அபாயம், கூடி வந்தால் சமயம். உள்ளே வருவது ஆயம், பிரிந்து போவது வியயம். நம் கணக்குப் பிள்ளையும் வடமொழியைக் கேளாமலே அவற்றை வரவு என்றும் செலவு என்றும் எழுதினான். மனப்பாடம் செய் என்று எனக்குச் சொன்ன வாத்தியார் என்ற பெயரையே பிரித்துப் பார்த்தால், உபாத்தியாயருக்குள் இரண்டு உபசர்க்கங்களும் அதே ‘இ’யும் ஒளிந்திருக்கின்றன. போதலைக் குறிக்கும் தாதுக்கள் அறிதலையும் குறிக்கும் என்று உரையாசிரியர்கள் அடிக்கடி சொல்லும் நியாயம் ஒன்றுண்டு. போகாமலே கற்பிக்க வந்த எனக்கு அது சற்றே உறுத்தியது.

இலக்கண வழக்கு இலக்கணத்தோடு நின்றுவிடுமானால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். மனிதன் சாகும்போது பல மொழிகளும் போதல் வினையையே தேடி ஓடுகின்றன. ஆங்கிலேயன் ‘பாஸ் அவே’ என்கிறான்; நாம் போய்விட்டார் என்கிறோம்; இறத்தல் என்ற சொல்லுக்கே பழைய பொருள் கடத்தல் என்பது, இறந்த காலம் என்ற தொடரில் இன்றும் உயிரோடு இருக்கிறது. நீங்கிற்று என்பதில் எவருக்கும் தகராறு இல்லை. ஆனால் அது விளக்கின் நீங்குதலா, அலாரத்தின் நீங்குதலா? விளக்கைப் போல என்பான் சார்வாகன். கட்டு விட்டது, இனித்தான் ஒலி என்பான் வைதிகன். பௌத்தர் மூன்றாவதொரு விடை சொன்னார்கள். முக்தனானவன் எங்கே போய்ப் பிறக்கிறான் என்று வச்சகோத்தன் என்ற பரிவிராஜகன் கேட்டபோது, உன் எதிரே எரிந்த நெருப்பு அணைந்தால் அது கிழக்கே போயிற்றா, மேற்கே போயிற்றா என்று புத்தர் திருப்பிக் கேட்டதாக மஜ்ஜிம நிகாயம் கூறுகிறது. நெருப்பு அணைவதை ஆங்கிலத்தில் ‘கோ அவுட்’ என்கிறார்கள் என்பதை எண்ணும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே போன நெருப்பை வெளியே தேடினவர் எவருமில்லை. வினை இருப்பதனாலேயே போனவன் ஒருவனும் போன இடம் ஒன்றும் இருந்தாக வேண்டும் என்று கொள்வது மொழி நமக்குச் செய்யும் மயக்கம் என்பதே அவர் கருத்துப் போலும்.

வேதாந்திகள் அவ்வளவு எளிதில் வினையை விட்டுவிடவில்லை. பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில், 19ஆம் சூத்திரம், உத்கிராந்தி, கதி, ஆகதி என்ற மூன்று சொற்களை ஆதாரமாகக் காட்டி, வெளியேறுதலும் போதலும் திரும்பி வருதலும் ஜீவனுக்குச் சுருதியில் சொல்லப்பட்டிருப்பதால் அவன் எங்கும் நிறைந்தவனாக இருக்க முடியாது என்று வாதிக்கிறது. எங்கும் இருப்பவன் எங்கே போவான்? இதை அடுத்த சூத்திரத்துக்குச் சங்கரர் எழுதும் வியாக்கியானம் மிக நுட்பமானது. உத்கிராந்தி மட்டுமானால், ஓரடியும் நகராத ஒருவனுக்குக் கிராமத்தின் மேலிருந்த ஆதிபத்தியம் விலகுவதுபோல, தேகத்தின் மேலிருந்த உரிமை விலகியது என்று சமாதானம் சொல்லிவிடலாம். கதிக்கும் ஆகதிக்கும் அந்தச் சமாதானம் செல்லாது, அசையாதவனுக்கு அவை கூடா என்பது அங்கே எழும் வாதம். இராமானுஜர் இதையே சித்தாந்தமாகக் கொண்டு, ஜீவன் அணு, அவன் மெய்யாகவே அர்ச்சிராதி மார்க்கத்தில் படிப்படியாகப் போகிறான் என்று ஸ்தாபிக்கிறார். சங்கரரோ இதைப் பூர்வபட்சமாக்கி, போவதும் வருவதும் புத்தியாகிய உபாதியின் செயல், குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அதனுள்ளிருக்கும் ஆகாசமும் நடப்பதாகத் தோன்றுவது போன்றது என்று முடிக்கிறார். கதி என்ற வெறும் தாதுச் சொல்லுக்கும், ‘ஆ’ என்ற ஓரெழுத்து ஏறிய ஆகதிக்கும் இடையில்தான் இவ்வளவு தர்க்கமும்.

அறிவு சங்கரரிடம் போய் நிற்கிறது; ஆனால் சாவு வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும் வேளையில், போனவர் எங்கும் போகவில்லை என்ற வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் துணிவு வந்ததில்லை. வழி ஒன்று உண்டு, அதில் அவர் நடக்கிறார் என்பதே அங்கே உட்கார்ந்திருக்கும் எவருக்கும் வேண்டியிருக்கிறது. புகல் என்று நாம் சொல்லும் சரணாகதியிலும் அந்த ‘ஆ’ இருக்கிறது: அது போதலன்று, வந்து சேர்தல். போக்கிடமற்றவனை நாம் அகதி என்கிறோம். அவனுக்குக் கால் இருக்கிறது, கதிதான் இல்லை.

பிரம்ம சூத்திரத்தின் கடைசிச் சூத்திரம் திரும்பி வருதல் இல்லை என்ற ஒரே செய்தியை இருமுறை சொல்லி முடிகிறது. எங்கள் வீட்டில் இருக்கும் அத்தை அந்த நூலைப் படித்தவளல்லள். ஆனாலும் தினம் அந்தியில் விளக்கேற்றி, இனிப் பிறவி வேண்டாம், திரும்பி வரும்படி வைக்காதே என்று பெருமாளிடம் மன்றாடாமல் எழுந்திருக்க மாட்டாள். மறுநாள் மாலையும் பையன் வந்து, ‘ஃபால்’ முடித்து, ‘ரன்’ பாதியில் இருக்கும்போது நோட்டை மூடிக்கொண்டு, “நான் போறேன் மாமா” என்று இறங்கினான். விளக்குக்கு முன் கண்மூடி உட்கார்ந்திருந்த அத்தை, தன் பிரார்த்தனையை நடுவில் நிறுத்தி, “போறேன்னு சொல்லாதேடா, போயிட்டு வரேன்னு சொல்லு” என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். அவன் தெருவிலிருந்து திரும்பிப் படியேறி, நிலைப்படியில் நின்று, “போயிட்டு வரேன்” என்று அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.