அவையும் அச்சமும்

புத்தகம் வெளிவருகிற தினத்தில் எழுத்தாளனுக்கு ஏற்படும் பதற்றத்தை ஒரு உபாதையாகக் கொண்டு அதற்குச் சிகிச்சை சொல்வது சுலபம். முதல்நாள் இரவு நன்றாகத் தூங்கு, மூச்சை நிதானப்படுத்து, யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று எண்ணாதே. இவை பயன்படாதவை அல்ல. ஆனால் பயம் ஒரு உபாதை மட்டுமல்ல, ஒருவகை அறிவும்கூட. எதைக் குறித்து, யார் முன்னிலையில் பயப்படுகிறோம் என்பதில் நம் எழுத்தைப் பற்றிய தகவல் இருக்கிறது. அதைக் கேட்டறியாமல் பயத்தைத் தணித்துக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை.

நம் மரபு இந்தப் பயத்தை ஒளித்ததில்லை. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்கத் தொல்காப்பியம் அரங்கேறியதாகப் பாயிரம் சொல்கிறது. காவியம் செய்தவர்கள் நூலின் முகப்பிலேயே அவையடக்கம் வைத்தார்கள். அதை வெறும் பணிவென்று படித்துப் பழகிவிட்டோம். எனக்கு அது வேறாகப் படுகிறது. பயத்தை நூலுக்கு வெளியே அலையவிடாமல் நூலின் ஒரு உறுப்பாக்கிய காரியம் அது. குறளும் அவையறிதலை முன்னும் அவையஞ்சாமையைப் பின்னும் வைக்கிறது. இந்த வரிசை முக்கியமானது. எந்த அவை என்றே அறியாதவன் அஞ்சாமலிருப்பதைத் தைரியம் என்று சொல்ல முடியாது.

இன்றைய வெளியீட்டு விழாவின் விசித்திரம், அங்கே கூடுவது பெரும்பாலும் நூலைப் படித்திராத அவை என்பதுதான். பேச வந்தவர்களில் ஓரிருவர் படித்திருக்கலாம். மற்றபடி பொன்னாடை, பாராட்டு, போட்டோ. தீர்ப்புக்கு அன்று இடமே இல்லை. இருந்தும் நடுக்கம் வருகிறதென்றால், நடுங்குவது புத்தகம் அல்ல, பெயர்.

1959இல் ‘எழுத்து’ தொடங்கிய சி. சு. செல்லப்பா தான் பிரசுரித்த நூல்களைத் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அவருக்கு வெளியீட்டு தினம் என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. வாசகனை ஒருவர் பின் ஒருவராக, முகத்துக்கு முகம் சந்தித்தார். வாங்குகிறவனும் மறுக்கிறவனும் கண்ணெதிரே நின்றார்கள். மறுப்பு அவரை வருத்தியிருக்கலாம். ஆனால் அது முகமுள்ள மறுப்பு.

மாறாக, அவை எப்போது கூடும் என்பதே எழுத்தாளன் கையில் இல்லாமல் போவதும் உண்டு. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. நான்கு வருஷம் கழித்து, 2014 டிசம்பரில், கதை நிகழும் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு மூண்டது. 2015 ஜனவரியில் அவர் தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் நாவலுக்குத் தடை கோரிய வழக்கைத் தள்ளி, அவரை எழுதச் சொன்னது. அந்தப் புத்தகத்தின் மெய்யான வெளியீட்டு தினம் எது? 2010இல் ஒரு நாளா, கூட்டம் திரண்ட நாளா, தீர்ப்பு வந்த நாளா? ஒரு மாலைப்பொழுதில் குவித்து வைக்கும் பதற்றம் இந்தக் கேள்விக்கு முன்னால் அர்த்தமற்றுப் போகிறது.

இன்னொரு அவையையும் யோசிக்க வேண்டும். தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி மலை. அதன் அடிவாரத்தில் மலையாளிப் பழங்குடிகளின் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அங்கே புகுந்தார்கள். ஊர் சூறையாடப்பட்டது, 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியுமுன் இறந்துபோக, மீதி 215 பேரையும் தர்மபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது 2011 செப்டம்பர் 29இல். உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். அந்தப் பெண்களின் சொல்லும் வெளியீடுதான். நம்ப மறுத்த அரசாங்கத்தின் எதிரில் வைக்கப்பட்ட சொல். அது முதல் தீர்ப்பை எட்டப் பத்தொன்பது வருஷம் பிடித்தது.

நாற்காலி நிரம்புமா என்ற நம் கவலையைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. பிறர் துயரத்தை வைத்து நம் துயரத்தை அளப்பது மலிவான நீதி. என் கேள்வி வேறு. நம்மில் ஒருவர் அந்த மலையடிவாரத்தை நாவலாக எழுதி வெளியிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் யாருக்குப் பயப்பட வேண்டும்? முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிற விமர்சகருக்கா, கூட்டத்துக்கே வராத, ஒருவேளை அந்த நூலைப் படிக்கவே போகாத அந்தப் பெண்களுக்கா? தாங்கள் பட்டதை எழுதியவன் தன் வசதிக்குத் திரித்திருக்கிறானா என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தாம். அவையறிதல் என்பது இந்த அவையை அறிவதுதான்.

ஆகவே பயத்தைக் குறைக்கச் சொல்வதைவிட அதன் விலாசத்தை மாற்றச் சொல்வேன். அதன் காலத்தையும். கைப்பிரதி மேஜைமேல் இருக்கும்போது இந்தப் பயம் உழைக்கும். ஒரு வாக்கியத்தை அடிக்கச் சொல்லும், ஒரு பொய்யைச் சுட்டும். அச்சேறிய பிறகு அதற்குச் செய்ய வேலை இல்லை. வேலையற்ற பயம்தான் வெளியீட்டு தினத்தில் கையை நடுங்க வைக்கிறது. எழுதும்போதே பயப்பட வேண்டியவர்களுக்குப் பயந்து முடித்தவன் அன்று மேடையில் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். கூட்டம் முடிந்ததும் கடைசி பஸ்ஸைப் பிடித்து வீடு போய்ச் சேரலாம். அப்படிப் பயந்திராதவனுக்கு மூச்சுப் பயிற்சி எவ்வளவு தூரம் உதவும் என்பது எனக்குச் சந்தேகமே.