சொல்லக் கூடிய விலை

"மாமா, எனக்கு ஒரு நல்ல டிரைவர் வேண்டும். இப்போது இருப்பது ரொம்பப் பழசு" என்றான் என் தமக்கை மகன்.

பொங்கலுக்குச் சேத்தியாத்தோப்பு வந்திருந்தான். வெள்ளாற்று அணைக்கட்டின் ஓரமாக மாலையில் நடந்துகொண்டிருந்தோம். காரே இல்லாதவனுக்கு டிரைவர் எதற்கு, அதிலும் ஒரு வயோதிகரை ஏற்கெனவே வேலைக்கு வைத்திருக்கிறானா என்று நான் விழித்தேன். அவன் சிரித்தான். கோல்ஃப் ஆட்டத்தில் முதல் அடியை நெடுந்தூரம் அடிக்கிற மட்டைக்கு டிரைவர் என்று பெயராம்.

அவனுக்குப் பெங்களூரில் வேலை. கிளப்பில் உறுப்பினராகும் வசதியெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சித் திடலுக்குப் போய், கூடைக்கு இவ்வளவு என்று பணம் கட்டிப் பந்துகளை அடித்துவிட்டு வருகிறான். கையிலிருப்பது மேலதிகாரி ஒருவர் கழித்துவிட்ட மட்டை. பந்து நேரே போகாமல் வலப்புறம் வளைந்து ஓடுகிறது. அவன் பார்த்து வைத்திருக்கும் புது மட்டையின் விலை 52,000 ரூபாய்.

"அப்பா கேட்டால் ஐயாயிரம் என்று சொல்லிவிடுங்கள், மாமா. நீங்கள் சொன்னால் நம்புவார்."

அன்றிரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது மட்டையின் விலையல்ல. இந்தக் கடைசி வார்த்தைதான்.

ஆசையைக் கண்டிப்பது எனக்கு எளிது. கரும்பு வெட்டுக் கூலிக்கே கையைப் பிசைகிற வீட்டில், பந்தடிக்க அரை லட்சமா என்று ஒரு பிரசங்கம் செய்திருக்கலாம். ஆனால், வசதியில்லாதவனுக்கு ஆசை தகாது என்கிற தர்மத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. 1991-ல் இந்தியன் ஓப்பன் பட்டம் வென்ற அலி ஷேரும், 2009-ல் வென்ற சி. முனியப்பாவும் கேடிகளாகப் பிறருடைய மட்டைப் பைகளைச் சுமந்து நடந்தவர்கள். 'பணக்காரர் விளையாட்டு உனக்கெதற்கு?' என்ற கேள்விக்கு அவர்கள் பணிந்துபோயிருந்தால் நஷ்டம் யாருக்கு?

மறுநாள் அவனிடமே விவரம் கேட்டேன். உற்சாகமாகச் சொன்னான். ஒரு காலத்தில் மட்டையின் தலை மரத்தால் ஆனது. பிறகு எஃகு, அதன் பிறகு டைட்டானியம். தலை 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, அதன் முகம் பந்தை இவ்வளவுக்கு மேல் உந்தக் கூடாது என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விதி செய்துவிட்டார்கள். ஆகவே பத்தாண்டுப் பழைய நல்ல மட்டையும் அந்த எல்லையைத் தொட்டுவிட்டதுதான். புதியவற்றின் மேன்மை பெரும்பாலும், பந்து நடுவில் படாதபோது நேரும் நஷ்டத்தைக் குறைப்பதில் இருக்கிறது. தண்டின் விறைப்பு, வீசுகிறவனுடைய வேகத்துக்குப் பொருந்த வேண்டும். பந்து வலப்புறம் வளைவதற்குக் காரணம், அடிக்கிற கணத்தில் மட்டையின் முகம் திறந்துகொள்வது. அது பெரும்பாலும் கையின் குற்றம்.

"இவ்வளவு தெரிந்துமா 52,000?"

"தெரியும் மாமா. இருந்தாலும்..."

அந்த 'இருந்தாலும்' எனக்கு மிகவும் பழக்கமானது. நானும் ஒரு சமயம் வெளிநாட்டுப் பேனா ஒன்று வாங்கினேன். அதைக் கொண்டு எழுதினால் நாவல் தானே ஓடிவரும் என்ற எண்ணம். மனைவியிடம் விலையில் கால்பங்கைச் சொன்னேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறதே! இந்த விலைக்கு என் தம்பிக்கும் ஒன்று வாங்குங்கள்" என்றாள். அன்றோடு என் எழுத்து ஓடியது! அவள் எதிரில் அந்தப் பேனாவைத் திறக்கவே என் கை கூசியது. வெகு நாள் அது இழுப்பறையிலேயே கிடந்தது. பணம் கொடுத்து வாங்கிய இன்பத்தை ஒரு பொய் கொடுத்து இழந்தேன்.

வசதி என்பதைக் கையிருப்பை வைத்துக் கணக்கிடுகிறோம். எனக்கென்னவோ, வீட்டில் வாய்விட்டுச் சொல்லக் கூடிய தொகைதான் ஒருவனுடைய வசதி என்று தோன்றுகிறது. எந்தத் தொகையைச் சொன்னாலும் சீறுகிற வீடுகளும் உண்டு என்பீர்கள். உண்டுதான். அங்கே அந்தச் சண்டையையும் விலையோடு சேர்த்துக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

இதை அவனிடம் சொன்னேன். பேனாவின் கதையையும் சொன்னேன். "நான் ஐயாயிரம் என்று சொல்லமாட்டேன், தம்பி. 52,000 என்றும் சொல்லமாட்டேன். நீயே சொல்" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊருக்குப் போனான்.

சித்திரையில் மறுபடி வந்தபோது தோளில் ஒரு நீண்ட பை. யாரோ ஆடிப் பழகிய மட்டை, 14,000 ரூபாய். மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதியை ஆசிரியர் ஒருவரிடம் சில பாடங்களுக்குக் கொடுத்தானாம். பந்து இன்னும் கொஞ்சம் வலப்புறம் போகத்தான் செய்கிறதாம்.

திண்ணையில் என் அத்தான் உட்கார்ந்திருந்தார். மண்வெட்டியின் இலை தேய்ந்து முடியும்வரை காம்பை மட்டும் மாற்றிக்கொண்டு வருகிற மனிதர். பையன் அவரெதிரே போய் நின்று விலையைச் சொன்னான். குரல் சற்று நடுங்கியது. என் தமக்கை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பதினாலாயிரமா!" என்றார் அத்தான். சிறிது நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி மட்டையை வாங்கி, தரையில் ஊன்றி, மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"காம்பு உன் உயரத்துக்குச் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார்.